மூன்று மணி நேரமாகியும் கதை நகரவில்லையே: பாரதக் கூத்தைப் பார்ப்பது எப்படி?

கேட்டவர் பெங்களூர் விவேக்நகரில் பிறந்து வளர்ந்தவர். மனைவியின் ஊர் செய்யாறு பக்கம். வைகாசியில் அந்த ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போனவர், ராத்திரி கர்ண மோட்சம் கூத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: "பத்து மணிக்கு மேளம் ஆரம்பித்தது. ஒரு மணியாகியும் கதை நகரவில்லை. ஒவ்வொருத்தராகத் திரைக்குப் பின்னால் வந்து நின்று, தான் யார் என்று பாடிச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பாட்டில் பாதி வார்த்தை பிடிபடவில்லை. நடுநடுவே கோமாளி வந்து கெடுத்தார். ஆனால் என்னைத் தவிர எல்லோரும் ரசித்தார்கள். இதில் கதை எப்படித்தான் சொல்லப்படுகிறது? அடுத்த முறை ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போகலாமா?"

எனக்கு ஊர் வந்தவாசி பக்கம், பிழைப்பு பெங்களூரில். சின்ன வயதிலிருந்து பார்த்தும், பிற்பாடு ஜமாக்காரர்களோடு, அதாவது கூத்துக் குழுவினரோடு, உட்கார்ந்து பேசியும் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அந்தக் கூட்டத்தில் கதை தெரியாதவர் அநேகமாக ஒருவரும் இல்லை. கர்ணன் சாகப்போகிறான், கிழப் பிராமணனாக வந்து தருமப் பலனைக் கேட்பவன் கிருஷ்ணன், குந்தி களத்துக்கு ஓடி வருவாள் என்பதெல்லாம் முன்வரிசையில் பாயில் சுருண்டு கிடக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். அதனால் 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு அங்கே வேலை கிடையாது. ஒரே சம்பவம் அந்த விழாவில் பல வாய்களில் பல தினுசாகச் சொல்லப்படும். அவற்றில் ஒரே ஒரு வாயை மட்டும், அதுவும் பாட்டை மட்டும், நீங்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் நகராத மாதிரி தெரிந்திருக்கிறது.

முதல் வாய் ராத்திரியில் இல்லை, பகலில் இருக்கிறது. சுவரொட்டியில் 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று போட்டிருப்பார்களே, அதில் கூத்துக் குழுவின் பெயருக்கு மேலேயே இன்னொருவர் பெயர் இருக்கும்: பாரதப் பிரசங்கியார். கொடி ஏறியதிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கோயில் பந்தலில் உட்கார்ந்து அவர் பாரதம் சொல்வார். பக்கத்தில் ஆர்மோனியம், கூடப் பாட ஒருவர். கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபாரதம். சுமார் 1400-ஐ ஒட்டி வில்லிபுத்தூரார் பாடிய நாலாயிரத்துச் சொச்சம் விருத்தங்கள். ஒரு விருத்தத்தை ராகம் போட்டுப் பாடுவார், சொல் சொல்லாகப் பிரிப்பார், அப்புறம் அதை உள்ளூர்ச் சங்கதிக்குக் கொண்டு வருவார். சகுனி பகடை உருட்டும் இடத்தில் பங்காளிச் சொத்துத் தகராறு வந்துவிடும், சீட்டுக் கம்பெனி வந்துவிடும். கேட்பவர்கள் வயசாளிகளும் பெண்களும். பூ கட்டிக்கொண்டோ பேரனைத் தொடையில் போட்டுத் தட்டிக்கொண்டோ கேட்பார்கள்.

வில்லி பாடியது பத்துப் பருவம், பதினெட்டாம் நாள் போரோடு முடிகிறது. திருவிழாவும் அங்கேதான் முடிகிறது. பாண்டவர்கள் கடைசியில் மலையேறிப் போவது, யாதவ குலம் அழிவது எல்லாம் இந்தப் பந்தலுக்கு வராது. துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தல் முடிவாள், தருமருக்குப் பட்டாபிஷேகம், கொடி இறக்கம். விழா எத்தனை நாள் என்பது ஊரின் வசதியைப் பொறுத்தது. முதல் நாட்களில் பிரசங்கம் மட்டும் நடக்கும். பாதிக்கு மேல் ராத்திரிக் கூத்தும் சேர்ந்துகொள்ளும். பிரசங்கியார் மத்தியானம் எந்தக் கட்டத்தில் கதையை நிறுத்துகிறாரோ, ராத்திரி ஜமா அதைத்தான் கையில் எடுக்கும். நீங்கள் போன அன்று மத்தியானம் கர்ணன் கதைதான் பிரசங்கத்தில் ஓடியிருக்கும். நீங்கள் மாமனார் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பீர்கள், அது உங்கள் தப்பில்லை.

இப்போது ராத்திரிக்கு வருவோம். களரி கட்டுதல் என்று முதலில் மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை என்கிற சின்ன நாயனம், ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து ஒரு முழக்கு முழக்கும். இது ஊருக்கான அழைப்பு மணி. வேஷக்காரர்கள் அப்போது உள்ளே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். பிறகு பிள்ளையார் பாட்டு. அப்புறம் கட்டியக்காரன்.

கட்டியக்காரனைத்தான் 'கோமாளி வந்து கெடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கு ராத்திரி கதை சொன்னவரே அவர்தான். மற்றவர்கள் எல்லாம் கதைக்குள் இருப்பவர்கள். அவர் ஒருத்தர்தான் வாசற்படியில் நிற்பவர். ராஜாவுக்குக் காவலாளி, தேரோட்டி, தூதன், தோழிப் பெண்ணுக்குப் பதிலாள், தேவைப்பட்டால் குதிரை. அதே மூச்சில் உங்களைப் பார்த்து, "பெங்களூர்ல இருந்து வந்திருக்கிற மாப்பிள்ளை நூறு ரூபாய் அன்பளிப்பு" என்று மைக்கில் சொல்பவரும் அவரே. ராஜா சொன்னதை ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வதுதான் அவருடைய முழுநேர வேலை.

அந்தத் திரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெரிய வேஷமும் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து முதலில் குரல் மட்டும் வரும். அப்புறம் கிரீடத்தின் உச்சி தெரியும். கல்யாண முருங்கை மாதிரி இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம். அதோடு புஜக்கட்டை, மார்ப்பதக்கம். வேஷக்காரர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுவார், திரும்புவார், திரையைப் பிடித்து இழுப்பார், விடுவார். சனங்களுக்கு முகம் காட்டாமலேயே கால்மணி நேரம் ஓட்டிவிடுவார் கெட்டிக்கார நடிகர். திரை விலகும்போது முகத்தின் நிறமே ஆளைச் சொல்லிவிடும். சிவப்பென்றால் துரியோதனன் வகையறா. விலகியதும் கிறுகிறுவென்று சுற்றுவார், அதற்குக் கிறிக்கி என்று பேர். பாவாடை விரிந்து கிண்ணம் மாதிரி நிற்கும்.

அப்போது அவர் பாடுகிற பாட்டைக் கவனித்தீர்களா? துரியோதனன் வேஷக்காரர் "நான் வந்தேன்" என்றும் பாடுவார், அடுத்த அடியிலேயே "அஸ்தினாபுரத்து ராஜன் வந்தான் பார்" என்ற தோரணைக்கு மாறித் தன்னையே இன்னொருவர் போலப் பாடுவார். நம் சினிமாப் பழக்கத்துக்கு இது விநோதமாகப் படும். கூத்தில் நடிகர் பாத்திரத்துக்குள் முழுசாக மறைந்துவிடுவதில்லை. பாதி நேரம் அந்தப் பாத்திரத்தைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் பெருமை, தன் குலம், தன் படைபலம், தனக்கு வரப்போகும் முடிவு வரைக்கும் தன் வாயாலேயே சொல்லிவிடுவார். சாகப்போகிறவன் என்று தெரிந்தே அவன் ஆட்டத்தை ரசிக்கிறது கூட்டம்.

பாட்டு புரியவில்லை என்கிறீர்கள். நியாயம்தான். குரலெல்லாம் உச்ச ஸ்தாயியில் இருக்கும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று வளர்ந்த குரல், மைக் வந்தும் இறங்கவில்லை. ஆனால் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு கட்டம் இப்படித்தான் நடக்கும்: முதலில் தாளமில்லாமல் ஒரு விருத்தம், நல்ல கனத்த தமிழில். பிறகு தாளத்தோடு தரு என்கிற பாட்டு. தருவில் நடிகர் ஓர் அடி பாடி நிறுத்துவார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கி நீட்டுவார்கள், அந்த நேரத்தில் நடிகர் ஆடுவார். அப்புறம் வசனம். கடைசியில் கட்டியக்காரன். ஆக ஒரே விஷயம் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழிறங்கி வருகிறது.

கர்ண மோட்சத்திலேயே ஓர் உதாரணம். பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் முன் கர்ணன் தன் மனைவியிடம் விடைபெற நினைக்கிறான். விருத்தத்தில் சூரியனும் தேரும் வினைப்பயனும் வரும். தருவில் 'மங்கையைக் காண வேண்டும்' என்ற கருத்து நாலு விதமாகச் சுழலும். வசனத்தில், "அடே காவலா, நாளைய தினம் அர்ஜுனனோடு போர் செய்யப் போகிறேன், அதற்கு முன் என் மனைவியாகிய பொன்னுருவியைச் சந்திக்க வேண்டும்" என்ற பாணியில் நேராக வந்துவிடும். கட்டியக்காரன் அதை வாங்கி, "சண்டைக்குப் போறதுக்கு முன்னால வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போகணும்ங்கிறீங்க. சொல்லாமப் போனா திரும்பி வந்தப்புறம்ல இருக்கு நிஜமான சண்டை" என்பார். சிரிப்பு அடங்கும்போதுதான் உறைக்கும், கர்ணன் திரும்பி வரப்போவதில்லை என்று. கெட்டிக்கார ஜமாவில் அந்தச் சிரிப்பும் கணக்குப் போட்டுத்தான் வைக்கப்படுகிறது.

பொன்னுருவி காட்சியை நீங்கள் தூங்காமல் பார்த்தீர்களா? அதுதான் அன்றைய கூத்தின் உயிர். வில்லியில் பொன்னுருவி கிடையாது, கிராமத்துப் பாரதம்தான் அவளைக் கொண்டு வந்தது. ராஜகுமாரியான அவளுக்குத் தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டது அவமானம். ஒரே அரண்மனையில் இருந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். கர்ணன் ஆளனுப்புகிறான், கட்டியக்காரன்தான் தூது. அவள் வர மறுக்கிறாள், வந்தாலும் குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள். ஜமாவுக்கு ஜமா இதில் கூடுதல் குறைச்சல் உண்டு. கடைசியில் கர்ணன் தான் குந்தி மகன் என்று தெரிந்துகொண்ட ரகசியத்தைச் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள், மனசு மாறுகிறாள், ஆனால் நேரம் முடிந்துவிட்டது. முகவீணை முகாரியில் இழையும்.

இந்த ஒரே காட்சி சில ஜமாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். போர்க்களத்தில் அர்ஜுனனும் கர்ணனும் மோதுவது அதைவிடச் சுருக்கமாக முடிந்துவிடுவதும் உண்டு. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். களத்தில் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அம்பு விடுவது அன்னியம். சாதியைச் சொல்லிப் புருஷனையோ பெண்டாட்டியையோ ஒதுக்கி வைத்த குடும்பம் அன்னியமில்லை. எங்கே தங்க வேண்டும், எங்கே தாண்ட வேண்டும் என்று முடிவு செய்வது கூத்தில் ஜமாவை நடத்தும் வாத்தியாரின் சாமர்த்தியம். கூட்டம் கண் கலங்கினால் இன்னும் இரண்டு பாட்டு போடுவார். கலையத் தொடங்கினால் கட்டியக்காரனை உள்ளே தள்ளுவார். அச்சில் இருக்கும் கூத்துப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக்கு மேல் பொருந்தாது.

கர்ண மோட்சம் இன்னோர் இடத்திலும் ஆடப்படும் என்பது பெங்களூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் கருமாதியை ஒட்டி ராத்திரி கூத்து வைப்பார்கள், அதற்கு விரும்பிக் கேட்கப்படுவது இந்தக் கூத்துதான். குந்தி கர்ணனை மடியில் போட்டு அழும் இடத்தில் அந்த வீட்டுப் பெண்களும் அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விடிய விடிய ஏன் என்று பலர் கேட்பார்கள். பழைய காலத்தில் பக்கத்து ஊர்க்காரன் ராத்திரி நடுவில் எழுந்து திரும்பிப் போக முடியாது என்பது ஒரு காரணம். சாவும் வதமும் விடியலை ஒட்டி வர வேண்டும் என்பது இன்னொன்று. அதற்கு ஏற்ற மாதிரிதான் ராத்திரி அடுக்கப்பட்டிருக்கிறது. பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் வேஷங்கள் வரும், அறிமுகம் நடக்கும், நையாண்டி ஓடும். ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் பாதிப் பேர் தூங்குவார்கள், ஜமாவுக்கும் அது தெரியும், அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றரைக்கு மேல் மேளத்தின் அடி மாறும். அம்மாக்கள் பிள்ளைகளை உலுக்கி எழுப்புவார்கள். ஒரு விஷயத்தை நாலு தடவை சொல்வதற்கும் இந்தத் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. எந்த நேரத்தில் கண் விழித்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் கதை எங்கே நிற்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது வாயால் சொல்லும் கதை. நீங்கள் ஒரு ராத்திரி மட்டும் இருந்துவிட்டுத் திரும்பியதால் மற்றதைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இந்த விழாவில் சில இடங்களில் கதை மேடையை விட்டிறங்கி ஊருக்குள் நடக்கும்.

பக்காசூரன் வதத்தன்று பீமன் வேஷக்காரர் வண்டியில் ஏறி ஊர் சுற்றுவார். வீட்டுக்கு வீடு சோறும் பண்டமும் வண்டிக்கு வரும், அவர் ஏறிய இடத்திலேயே தின்றுகொண்டும் போவார். அசுரனுக்கு வண்டிச் சோறு அனுப்பிய ஏகசக்கரபுரமாக உங்கள் மாமனார் ஊர் அன்றைக்கு மாறியிருக்கும். அர்ஜுனன் தபசுக்கு உயரமான தபசு மரம் ஒன்றை நட்டு, படி மாதிரி குச்சிகள் அடித்திருப்பார்கள். அர்ஜுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடி மேலே ஏறுவார். கீழே ஈரப் புடவையோடு, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார், மடியேந்திப் பிடிப்பார்கள். சிவனிடம் அஸ்திரம் வாங்கப் போன ஆள் இங்கே ஊருக்கு வரம் வாங்கித் தருபவர் ஆகிவிடுகிறார்.

துகிலுரிதல் இன்னும் கடினம். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். திரௌபதி வேஷம் கட்டும் ஆண் விரதமிருப்பார். ஒரு சேலையின் முனையில் அடுத்த சேலை முடிந்து வந்துகொண்டே இருக்கும். இழுக்கிறவருக்கும் சரி, கூட்டத்தில் இருப்பவருக்கும் சரி, சாமி வந்துவிடுவது சகஜம். நடிகர் மயங்கி விழுவதையும் பார்க்கலாம். அந்த நேரத்தில் 'நன்றாக நடித்தார்' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் படுகளம். பதினெட்டாம் போர் கூத்து ராத்திரி முழுக்க மேடையில் நடந்து, விடிந்த பிறகு களம் மாறும். கோயில் திடலில் மண்ணால் துரியோதனனைச் செய்து மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். கண் முழித்திருக்கும், மீசை முறுக்கியிருக்கும், கையில் கதாயுதம். இருபது முப்பது அடிக்கு மேலும் நீளும் உருவம். ராத்திரி ஆடிய அதே பீமனும் துரியோதனனும், அரிதாரம் வழிய, தூக்கக் கண்ணோடு, இந்த மண்ணுடம்பைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ஊர் இரண்டு பக்கமும் நின்று கத்தும். கடைசியில் பீமன் மண் துரியோதனனின் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த கலயம் உடைந்து செந்நீர் கொப்பளிக்கும். சபையில் மானபங்கப்பட்ட அன்று அவிழ்த்த கூந்தலை அந்த ரத்தம் தொட்டு முடிந்து பூச்சூடுவார்கள், கூத்தில் வரும் திரௌபதிக்கும் அம்மன் சிலைக்கும். ஒப்பாரி தொடங்கும். துரியோதனன் மனைவியாகக் கூத்தில் வரும் பெருந்திருவாளும் காந்தாரியும் மாரடித்துக்கொண்டு அழுவார்கள். வில்லனுக்காக ஊரே நின்று அழும், கவனியுங்கள். அப்புறம் கூட்டம் அந்த மண்ணைப் பிட்டு எடுத்துக்கொண்டு போகும், வீட்டுக்கும் வயலுக்கும் நல்லது என்று. சாயங்காலம் தீமிதி.

அதனால் என் கருத்து இது: பிரசங்கத்தில் கதையைக் கேட்கிறார்கள், கூத்தில் பார்க்கிறார்கள், படுகளத்தில் கதைக்குள் நிற்கிறார்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் அரைகுறையாகத்தான் இருக்கும். சென்னை அரங்கங்களில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தைப் பார்த்திருக்கிறேன். புரிசை மாதிரி ஊர்களின் பரம்பரைக் கலைஞர்கள் ஆடும்போது அதுவும் அருமையாக இருக்கும், பாட்டும் சுத்தமாகக் கேட்கும். ஆனால் அங்கே பார்ப்பவர் யாரும் வண்டிச் சோறு போட்டவர் இல்லை.

இந்த 'ஊரே' என்ற சொல்லை நான் தாராளமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் இந்தக் கோயில்களுக்குள் தலித் மக்கள் போக முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இந்தத் தகராறினால் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது ஊரறிந்த விஷயம். கர்ணனைக் குலம் சொல்லி இழிவுபடுத்தியதற்காக விடிய விடிய அழுகிற திடல், காலையில் யாரை உள்ளே விடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மகளிடமும் இதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பது வயதுக்குப் புரியும்.

பெங்களூருக்கு வருவோம். யக்ஷகானம் பார்த்துப் பழகியவர்கள் கூத்தைக் கடற்கரைப் பக்கத்து யக்ஷகானத்தோடு ஒப்பிடுவார்கள். கூத்துக்கு நெருங்கிய பங்காளி அது இல்லை, துமகூரு, கோலார் போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் மூடலபாய யக்ஷகானம்தான். அதிலும் முகவீணை உண்டு, கட்டியக்காரனைப் போல சாரதி உண்டு.

அதைவிடப் பக்கத்தில், சிட்டி மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயில் இருக்கிறது. கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி கிளம்பும் கரகம் இதே திரௌபதிதான். எடுப்பது திகளர் சமூகம், வன்னிகுல சத்திரியர்கள். அங்கே ராத்திரி முழுக்க வசனம் பேசும் நடிகர் கிடையாது. கதை முழுக்க ஒரு ஆள் உடம்பில் ஏறிக்கொள்கிறது. பெண் அலங்காரத்தில், தலையில் மல்லிகைக் கரகத்தோடு, கையால் பிடிக்காமல் ஓடும் அந்தப் பூசாரிதான் அன்றைக்குத் திரௌபதி. கூடவே கத்தியோடு வரும் வீரகுமாரர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது: பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் பின்தங்கிய திரௌபதி, திமிராசுரனை வெல்லத் தன் உடம்பிலிருந்து உண்டாக்கிய படை அவர்கள். போகாதே தாயே என்று அவர்கள் கெஞ்ச, வருஷத்துக்கு மூன்று நாள் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாளாம். வில்லி நிறுத்திய இடத்துக்கு அப்புறம் நடப்பது இது. ஊரில் பட்டாபிஷேகத்தோடு முடிகிற கதை இங்கே அதற்கு மேலும் ஓர் அத்தியாயம் வளர்ந்திருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கரகம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் போகும். உங்கள் மாமனார் ஊர்க் கோயில் வாசலில் காவல் தெய்வமான போத்துராஜா சிலை இருந்திருக்கும், அதன் பக்கத்தில் முத்தால் ராவுத்தர் என்று யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் அம்மனுக்குக் காவல் ஒரு முஸ்லிம் வீரர்.

நம் சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், அல்சூர் ஆடி விழாக்களில் கூழ் இருக்கும், கரகம் இருக்கும், தீச்சட்டி இருக்கும். கூத்தின் இடத்தை இன்னிசைக் கச்சேரி எடுத்துக்கொண்டு வெகு நாளாகிறது. ராத்திரி பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டிய நகரத்தில் பத்து மணிக்குத் தொடங்கும் கலையை எங்கே வைப்பது? கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒசூர் பக்கம் போனால் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பாரதக் கூத்து கிடைக்கும். செய்யாறுக்குப் போக முடியாத வருஷம் அங்கே போய்ப் பாருங்கள்.

மகள் விஷயம். தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் கர்ண மோட்சத்தில் தொடங்க வேண்டாம், அழுகை அதிகம், பேச்சு அதிகம். பக்காசூரன் நல்லது, வண்டிச் சோற்றைப் பகலிலேயே பார்த்துவிடலாம். கீசகன் வதமும் குழந்தைகளுக்குப் பிடிக்கும், பீமன் பெண் வேஷத்தில் காத்திருக்கும் இடத்தில் சிரித்து உருளுவார்கள், ஆனால் அதில் சில பேச்சு பச்சையாக இருக்கும், மனைவியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கதையை முழுசாகச் சொல்லிவிட்டே கூட்டிப்போங்கள், முடிவையும் சேர்த்து. சாயங்காலம் வேஷம் கட்டும் கொட்டகைப் பக்கம் போய் அரிதாரம் பூசுவதைக் காட்டுங்கள், ஜமாக்காரர்கள் குழந்தைகளை விரட்ட மாட்டார்கள். பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்லலாம்: இது நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே ஆடிய கலை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசன்தாங்கலில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து (கூத்துக்கு இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள்.

உட்காரும் இடம் முக்கியம். நடுவில் வேண்டாம். பின்பாட்டு பெஞ்சுக்குப் பக்கவாட்டில் பாய் போடுங்கள். அங்கே இருந்தால் நடிகர் அடியெடுப்பதும் பின்பாட்டு அதை வாங்குவதும் தெளிவாகக் கேட்கும். பாட்டை விட்டுவிட்டாலும் வசனத்தைப் பிடியுங்கள், வசனமும் போனால் கட்டியக்காரனைப் பிடியுங்கள். மகள் ஒரு மணிக்குத் தூங்கினால் தூங்கட்டும். மூன்றரைக்கு எழுப்பினால் போதும்.

கடைசியாக, மாமனாரிடம் படுகளம் என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக வைக்கிறார்கள், வெளியூரில் இருப்பவர்கள் வரட்டும் என்று. காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி, இரண்டையும் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே வேலூர் வழியாகப் பஸ் பிடித்து மறுநாள் ஆபீஸ் போகலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டே கிளம்புங்கள்.